சாமியோட காது எங்க?

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலம். கிரிவலப் பாதையில் வாயு லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் டீக்கடை வாசலில் ஒரு சாமியாரைப் படம் எடுத்தேன். கேமரா என்னுடையது இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த நண்பனுடையது. ஃபுல் ஃப்ரேம் கேமரா, அதன் மூக்கில் 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ். அந்த லென்ஸை விற்றால் என் பைக்கைப் போல இரண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். அப்படி ஒன்று கையில் கிடைக்கும்போது முழுசாகத் திறந்து வைத்து எடுக்கத்தான் தோன்றும். எஃப் 1.4, ஐஎஸ்ஓ 400, நொடியில் 125-இல் ஒரு பங்கு.

படம் பிரமாதமாக வந்தது. கண்ணில் ஒவ்வொரு ரத்த நரம்பும் தெரிந்தது. தாடியின் முன்முடிகள் கம்பி கம்பியாக நின்றன. பின்னால் கடையின் பல்புகள் உருகி, மஞ்சள் வட்டங்களாக மிதந்தன. இன்ஸ்டாவில் போட்டேன். என் கணக்கில் அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் அத்தனை ஹார்ட் விழுந்ததில்லை.

அடுத்த மாதம் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சாமி அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "காது எங்கப்பா?" என்றார். டீக்கடைக்காரர் ஆத்திக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "எங்க தம்பி கீது நம்ம கடை?"

இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் இல்லை. "அதுதான்ணே ஸ்டைலு" என்று ஏதோ உளறினேன். இந்தக் கட்டுரை அந்த உளறலுக்குப் பதிலாக நான் சொல்லியிருக்க வேண்டியது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தைப் பற்றி நாம் எழுதும் விமர்சனங்களில் கணக்கைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்வதால்தான் பாதி விமர்சனம் வெறும் உணர்ச்சிக் குறிப்பாக நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் காது. சாமிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்திருக்கும். அந்தத் தூரத்தில், அந்த லென்ஸில், எஃப் 1.4-இல், கூர்மையாகத் தெரியும் பகுதியின் கனம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அவ்வளவுதான். டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று சொல்லும் புல ஆழம் அது. ஒரு மனித முகத்தில் மூக்கு நுனியிலிருந்து காது வரை பன்னிரண்டு சென்டிமீட்டராவது இருக்கும். கண்ணைப் பிடித்தால் மூக்கு நுனியும் போகும், காதும் போகும். சாமி கேட்டது தத்துவக் கேள்வி இல்லை. அளந்து பார்த்தால் காது அந்தப் படத்தில் நிஜமாகவே இல்லை.

ஏன் இப்படி? லென்ஸில் ஒளி நுழையும் ஓட்டையின் அகலம்தான் காரணம். எஃப் எண் ஒரு விகிதம். லென்ஸின் குவியத் தூரத்தை ஓட்டையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 85-ஐ 1.4-ஆல் வகுத்தால் 60 மி.மீ. சொச்சம், கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸின் வாய். சாமியின் காதிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி அந்த டீ கிளாஸ் வாய் முழுவதையும் நிரப்பி, ஒரு கூம்பாகச் சுருங்கி உள்ளே போகிறது. கூம்பின் நுனி சென்சார் மேல் சரியாக விழுந்தால் புள்ளி. கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் வட்டம். கூம்பின் அடி எவ்வளவு அகலமோ வட்டமும் அவ்வளவு பெரிது. இதே இடத்தில் நின்று, இதே சட்டகத்தை ஒரு செல்போனில் எடுத்தால்? இன்று வரும் நல்ல போன் ஒன்றின் முக்கியக் கேமராவில் அந்த ஓட்டை நாலு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு மிளகு. மிளகளவு ஓட்டை வழியாகப் பார்த்தால் காதும் தெரியும், கடையும் தெரியும், கடைக்குப் பின்னால் மலையும் தெரியும்.

ஆக, "பெரிய சென்சார் என்றால் நிறைய மங்கல்" என்று சொல்வது பாதி உண்மை. சென்சாருக்கு மங்கலாக்கும் சக்தி எதுவும் கிடையாது. பெரிய சென்சாரில் அதே சட்டகத்தை நிரப்ப நீளமான லென்ஸ் வேண்டும். நீளமான லென்ஸில் அதே எஃப் எண்ணுக்கு ஓட்டை பெரிதாகிறது. ஓட்டைதான் மங்கலாக்குகிறது. ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அதே லென்ஸை, அதே இடத்தில், அதே எஃப் எண்ணில் சின்ன சென்சார் கேமராவில் மாட்டி, இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குப் பிரிண்ட் போட்டால் சின்ன சென்சாரின் படத்தில்தான் புல ஆழம் குறைவு. சின்ன துண்டை அதிகமாகப் பெரிதாக்குகிறோம் அல்லவா, மங்கலும் சேர்ந்து பெரிதாகும். எல்லோரும் சொல்வதற்கு நேர் எதிர். எதை மாறாமல் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாத ஒப்பீடு வெறும் சண்டைதான்.

அடுத்த சண்டை எக்ஸ்போஷர். கல்யாண வீட்டு வீடியோகாரர் முதல் யூடியூபர் வரை இரண்டு கட்சி. ஒரு கட்சி, "எஃப் 2.8 எந்தக் கேமராவிலும் எஃப் 2.8தான்" என்கிறது. இன்னொன்று, "சின்ன சென்சாரின் எஃப் 2.8 ஃபுல் ஃப்ரேமில் எஃப் 5.6-க்குச் சமம்" என்கிறது. மழை பெய்யும்போது வாசலில் ஒரு அண்டாவையும் ஒரு டம்ளரையும் வையுங்கள். இரண்டுமே நேர்ச்சுவர் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் கழித்து இரண்டிலும் நீர் மட்டம் ஒன்றுதான். ஒரு விரல் அளவு என்றால் ஒரு விரல் அளவு. ஆனால் அண்டாவில் குடம் நிறையும், டம்ளரில் ஒரு வாய் இருக்கும். நீர் மட்டம் எக்ஸ்போஷர். எஃப் எண்ணும் ஷட்டரும் ஒன்றானால், கேமரா எதுவானாலும் மட்டம் ஒன்றே. முதல் கட்சி இதைத்தான் சொல்கிறது, சரியாகவே சொல்கிறது. சேர்ந்த தண்ணீர் மொத்த ஒளி. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13, அதாவது 225. கிட்டத்தட்ட கால் பங்கு. நல்ல போனின் சென்சார் 70 சதுர மி.மீ. அளவில் இருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு.

இரண்டையும் ஒரே ஏ4 தாளில் அச்சிடும்போது டம்ளர் தண்ணீரையும் அண்டாத் தண்ணீரையும் ஒரே அளவு வயலுக்குப் பாய்ச்சுகிறோம். டம்ளர் தண்ணீர் திட்டுத் திட்டாகத்தான் நனைக்கும். அந்தத் திட்டுதான் நாய்ஸ். இரண்டாவது கட்சி சொல்லும் உண்மை இது.

இப்போது சாமியின் காதைத் திரும்பக் கொண்டுவரலாம். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8 வைத்தால் புல ஆழம் 15 சென்டிமீட்டர், காது வரும். 1.4-இலிருந்து 8 வரை ஐந்து படி. ஒளி 32-இல் ஒரு பங்காகிறது. அதே சாயங்கால வெளிச்சம், அதே ஷட்டர் என்றால் ஐஎஸ்ஓ 400 போய் 12,800. என்னுடைய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 42.5 மி.மீ. லென்ஸ் போட்டு எஃப் 4 வைத்தாலே அதே 15 சென்டிமீட்டர். ஐஎஸ்ஓ 3,200 போதும். அப்படியென்றால் என் கேமரா ஜெயித்ததா? இல்லை. ஃபுல் ஃப்ரேமின் 12,800-உம் என் கேமராவின் 3,200-உம் ஏறக்குறைய ஒரே அளவு நாய்ஸைத்தான் தரும், ஏனென்றால் உள்ளே வந்த மொத்த ஒளி ஒன்று. ஓட்டை ஒன்று, புல ஆழம் ஒன்று, தண்ணீர் ஒன்று. காது வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டால் இரண்டு லட்சம் ரூபாய் கேமராவும் முப்பதாயிரம் ரூபாய் செகண்ட் ஹேண்டும் அந்த வெளிச்சத்தில் ஒரே படத்தைத்தான் எடுக்கும். பெரிய கேமராவின் மேலதிக வலிமை, காது வேண்டாம் என்று முடிவு எடுப்பவருக்குத்தான்.

இந்த இடத்தில்தான் கணக்கு விமர்சனமாகிறது. ஒரு கருவி எதைச் சுலபமாகச் செய்ய விடுகிறதோ அதுவே அந்தக் காலத்தின் அழகாகிவிடுகிறது. திருவண்ணாமலையில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது, ஏனென்றால் இந்த ஊரில் உலகத்தின் இரண்டு விதப் பார்வைகள் ஒரே மனிதர் மீது, நாலைந்து வருட இடைவெளியில் விழுந்திருக்கின்றன.

ரமணரின் அந்த முகப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பார்க்காமல் இருக்க முடியாது. பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்தது. வெள்ளைத் தாடி, வெற்றுத் தோள், லேசாகத் திறக்கப் போகும் உதடு, நேராக உங்களைப் பார்க்கும் கண். எங்கள் ஊரில் ஆட்டோவின் கண்ணாடிக்கு மேல் அது இருக்கும், புத்தகக் கடை வாசலில் இருக்கும், லாட்ஜ் ரிசப்ஷனில் மாலையோடு இருக்கும். பின்னணி என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆசிரமம் இல்லை, மலை இல்லை, வருடம் இல்லை.

அன்றைய ஸ்டூடியோ உலகம் பெரிய பிலிம்களின் உலகம். அந்த ஒரு படத்துக்கு எந்தக் கேமரா என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்து முகப்பட மரபையே எடுத்துக்கொள்வோம். ஹாஃப் பிளேட் என்பார்கள், 120-க்கு 165 மி.மீ. அதில் 300 மி.மீ. லென்ஸை எஃப் 8-க்கு மூடி வைத்து ஒரு முகத்தை எடுத்தால், புல ஆழத்தில் அது இன்றைய ஃபுல் ஃப்ரேமில் 63 மி.மீ. லென்ஸை எஃப் 1.7-இல் வைத்து எடுத்ததற்குச் சமம். மூடி வைத்தாலும் திறந்ததுபோல. அந்தத் தலைமுறையின் முகப்படங்களில் காதோரமாக மெல்லக் கரையும் மென்மை வந்ததற்கு முதல் காரணம் பிலிமின் அளவு. யாரும் ஸ்டைலாக யோசித்துச் செய்யவில்லை. சொல்லப்போனால் மென்மை வேண்டாம் என்று நினைத்தவர்கள்தான் மெனக்கெட வேண்டியிருந்தது. 1932-இல் கலிஃபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்றவர்கள் ஒரு குழு ஆரம்பித்து அதற்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்கள். எஃப் 64 என்றதும் ஏதோ ஊசித்துளை மாதிரி பயமாக இருக்கும். எட்டுக்குப் பத்து அங்குல பிலிமில் எஃப் 64 என்பது, புல ஆழத்தில், இன்றைய ஃபுல் ஃப்ரேமின் எஃப் 8-ஐக் கொஞ்சம் தாண்டியது. சாமியின் காதைப் பிடிக்கத் தேவைப்பட்ட அதே எண்தான். அதற்கு அவர்கள் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது!

அடுத்தவர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது வானில் ஒரு ஒளி மலையை நோக்கி நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். நேரத்தையும் குறித்து வைத்திருந்தார். அவர் கையில் இருந்தது லைக்கா. சினிமா பிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, 24-க்கு 36 மி.மீ. சட்டகத்தில் படம் எடுக்கும் சின்னப் பெட்டி. 1925-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் "ஃபுல்" ஃப்ரேம் என்று மரியாதையோடு கூப்பிடும் அதே அளவு. அன்றைக்கு அதற்குப் பெயர் "மினியேச்சர்". குட்டிக் கேமரா. ஸ்டூடியோக்காரர்கள் அதைப் பொம்மையாகப் பார்த்த காலம் இருந்தது. இதை யாராவது சின்ன சென்சாரைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

குட்டிக் கேமராவில் சாதாரண 50 மி.மீ. லென்ஸைக் கொஞ்சம் மூடினாலே முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒரே படத்தில் நிற்பார்கள். கார்த்தியே-ப்ரெஸ்ஸான் ஃபிளாஷ் போட மாட்டார். வேகமான பிலிமும் அன்று கைவசம் இல்லை, 35 மி.மீ. ட்ரை-எக்ஸ் வந்ததே 1954-இல்தான். அதனால் சில படங்களில் ஓட்டையைத் திறந்துதான் ஆக வேண்டியிருந்திருக்கும். ஆனாலும் அவருடைய அந்த ஏப்ரல் படங்களின் குணம் வேறு. அவற்றில் தேதி இருக்கிறது. தளர்ந்த உடல் இருக்கிறது, காத்திருக்கும் ஜனங்கள் இருக்கிறார்கள், மறைவுக்குப் பின் திரண்ட கூட்டம் இருக்கிறது. ஒரு ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோகிறார் என்பது இருக்கிறது.

எந்தப் படம் பெரியது என்று கேட்டால், ரொம்ப நாள் யோசிக்காமல் கார்த்தியே-ப்ரெஸ்ஸான் என்று சொல்லியிருப்பேன். டீக்கடைக்காரரின் கேள்விக்குப் பிறகு இன்னும் உறுதியாகவே சொல்லியிருப்பேன். அதற்குத் தோதாக எனக்கு ஒரு கோட்பாடும் கிடைத்திருந்தது. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான், 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் கிரெக் டோலண்ட் முன்னும் பின்னும் கூர்மையாக வைத்த காட்சிகளைப் பற்றிச் சொன்னது. எல்லாம் தெளிவாக இருந்தால் எதைப் பார்ப்பது என்று பார்வையாளர் தானே முடிவு செய்கிறார், மங்கலாக்கினால் இயக்குநர் அவர் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறார் என்பது அந்த வாதத்தின் சாரம். நம் ஊர்ப் படங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதாகத் தோன்றியது. இந்தியத் தெரு என்பது ஒரே சமயத்தில் பத்து விஷயம் நடக்கும் இடம். ஜெய்ப்பூரில் 1966-இல் கார்த்தியே-ப்ரெஸ்ஸான் வேலை செய்வதை நேரில் பார்த்தவர் ரகுபீர் சிங். பிறகு அவர் கோடாக்ரோமில் எடுத்த வண்ணப் படங்களைப் பாருங்கள். மூலைக்கு மூலை ஆள், மாடு, கண்ணாடியில் தெரியும் இன்னொரு தெரு, யாரும் யாருக்கும் பின்னணி இல்லை.

அதற்கு எதிர்ப் பக்கம் சாமியார் முகப்படம். ஸ்டீவ் மெக்கரி 1984-இல் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் அடுத்த வருடம் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. 105 மி.மீ. லென்ஸ், கண்ணுக்கு நேர் கண், பின்னால் கரைந்துபோன பச்சை. அதற்குப் பிறகு வாரணாசியிலும் திருவண்ணாமலையிலும் இறங்கும் பயணிகள் கணக்கற்ற பிரதிகள் எடுத்துவிட்டார்கள். நான் எடுத்ததும் அதில் ஒன்றுதான். தாடி, விபூதி, கண், வட்ட வட்ட வெளிச்சம். இவரை எந்த ஊரிலிருந்தும் வெட்டி எந்த ஊரிலும் ஒட்டலாம். பாதையில் அவர் எங்கே படுக்கிறார், அன்னதானத்துக்கு எந்த வரிசையில் நிற்கிறார், டீக்கடைக்காரரிடம் எவ்வளவு கடன் என்பதெல்லாம் அந்த மஞ்சள் வட்டங்களுக்குள் போய்விட்டது. இதே ஊரில் அபுல் கலாம் ஆசாத் ஒருங்கிணைத்த 'ப்ராஜெக்ட் 365' (2014-15) பல புகைப்படக்காரர்களை வைத்து ஊரின் அன்றாடத்தை ஆவணமாக்க முயன்றது. அந்த மாதிரி வேலையின் அருமை, தனி முகத்தைவிடத் தெருவை நம்புவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதில் பெரிய காமெடி செல்போன். சொன்னேனே, மிளகளவு ஓட்டை. 24 மி.மீ. பார்வைக்குச் சமமான அதன் அகல லென்ஸ், எஃப் 1.8 என்று பெருமையாக எழுதியிருந்தாலும், புல ஆழத்தில் ஃபுல் ஃப்ரேமின் எஃப் 6-ஐத் தாண்டியது. இரண்டு மீட்டரில் குவித்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஐந்தரை மீட்டர் வரை எல்லாம் தெளிவு. சாமி, டீ பாய்லர், கடைக்காரர், விலைப் பலகை, எல்லாம். எஃப் 64 குழு எந்தத் தெளிவுக்காகக் கனமான பெட்டிகளைச் சுமந்ததோ அது உங்கள் சட்டைப் பையில் இலவசமாகக் கிடக்கிறது. நாம் என்ன செய்தோம்? 2016-இல் ஐபோன் 7 ப்ளஸ்ஸில் போர்ட்ரெய்ட் மோடு வந்தது. இயற்பியல் கொடுத்த தெளிவைக் கணினி கொண்டு அழித்து, மங்கலை மேலே பூசும் வித்தை. ஏன்? மங்கல் என்றால் காசு. பின்னணி கரைந்தால் "டிஎஸ்எல்ஆர்ல எடுத்ததா?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

அந்தப் பூச்சு எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. சாமியாரின் சடையில் நீட்டிக்கொண்டிருக்கும் முடிகள் பாதியில் வெட்டுப்படும். திரிசூலத்தின் ஒரு முனை மட்டும் பின்னணியோடு போகும். எனக்குப் பிடித்தது டீயின் ஆவி. கிளாஸிலிருந்து கிளம்பி முகத்துக்கு முன்னும் பின்னும் அலையும் ஆவி யாருக்குச் சொந்தம், மனிதருக்கா பின்னணிக்கா என்று அந்த மென்பொருளுக்குப் புரிவதே இல்லை. திணறி, பாதி ஆவியை அழித்துவிடும். லென்ஸின் மங்கலுக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், அது யாரையும் பேதம் பார்ப்பதில்லை. ஒன்றரை மீட்டர் என்றால் அரசனும் ஒன்றரை மீட்டர், ஆடும் ஒன்றரை மீட்டர். போனின் மங்கல் "இவர்தான் முக்கியம்" என்று முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை அழிக்கிறது. இந்த வித்தியாசத்தை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

கார்த்திகை தீபத்தன்றைக்கும் இதே கதை வேறு உருவில் நடக்கும். சாயங்காலம் ஆறு மணி, 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் ஏறும், கீழே தெருவெல்லாம் போன்கள் உயரும். இருட்டில் டம்ளரில் விழும் தண்ணீர் சில சொட்டுதான். நைட் மோடு என்ன செய்கிறது தெரியுமா? டம்ளரைத் திரும்பத் திரும்ப மழையில் வைத்து எடுத்து ஒரு பாத்திரத்தில் ஊற்றுகிறது. பல படங்களைக் கூட்டி ஒன்றாக்குகிறது. சென்சாரின் பரப்பு இல்லாத குறையைக் காலத்தால் ஈடுகட்டுவது. இதை நான் குறை சொல்ல மாட்டேன், அசல் கெட்டிக்காரத்தனம். நகராத மலைக்குச் சரி. நகரும் கூட்டத்துக்கு அவ்வளவு சரியில்லை, முன்வரிசையில் கை கூப்பியவரின் விரல்கள் ஆறேழு ஆகிவிடும்.

டீக்கடைக்கு வருகிறேன். பிரிண்ட் கொடுத்து அவமானப்பட்ட அடுத்த வாரமே என் சொந்தக் கேமராவோடு போனேன். 17 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6. ஃபுல் ஃப்ரேமில் 34 மி.மீ. எஃப் 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்கு ஒன்றரை மீட்டரில் நின்று, குவியத்தை அவருக்குக் கொஞ்சம் பின்னால், இரண்டு மீட்டரைத் தாண்டி வைத்தேன். ஐஎஸ்ஓ 3,200, நொடியில் 60-இல் ஒரு பங்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. படத்தில் மணல் தூவின மாதிரி நாய்ஸ். ஆனால் சாமியின் இரண்டு காதும் இருந்தன. ஒரு காதில் பீடி செருகியிருந்தது, அது முதல் படத்தில் தெரியவே இல்லை. பின்னால் கடைக்காரர் தலைக்கு மேல் டீயை ஆத்துகிறார், பாய்லர், பிஸ்கட் ஜாடிகள், விலைப் பலகை, பையோடு நிற்கும் ஸ்கூல் பையன். இதுதான் என் படம் என்று நினைத்தேன். இன்ஸ்டாவில் முப்பத்தெட்டு ஹார்ட்.

போன மார்கழியில் சாமி தவறிவிட்டார். நான் ஊரில் இல்லை. தை பிறந்து போனபோது கடைக்காரர் கேட்டார், "தம்பி, சாமி படம் எதனா வெச்சிருக்கியா? மாலை போடணும். கொடுத்ததைக் கையோட வெச்சிருந்தாரு, கடைசில எங்க போச்சுன்னு தெரியல."

இரண்டு படத்தையும் போனில் காட்டினேன். இரண்டாவதைத்தான் முதலில் காட்டினேன், வேண்டுமென்றே. அவர் விரலால் தள்ளி முதல் படத்துக்குப் போனார்.

"இது போதும்."

"அண்ணே, இதுல கடை தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க. காது கூட இல்ல."

"அது வேற தம்பி. இதுல சாமி மட்டும் இருக்காரு. மாலை போடற படத்துல நான் எதுக்கு டீ ஆத்திக்கினு?"

பதில் சொல்ல வரவில்லை. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த பஸான், ரகுபீர் சிங் எல்லாம் அந்தப் பாய்லர் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நின்றார்கள். வெல்லிங்கின் படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் இடமும் வருடமும் இல்லாததைக் குறையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில், லாட்ஜில், யாரோ ஒருவர் வீட்டுப் பூஜை அறையில் அது உட்கார்ந்துகொள்ள முடிவதே அதனால்தான். கார்த்தியே-ப்ரெஸ்ஸானின் படத்துக்கு மாலை போட முடியாது. அது 1950 ஏப்ரலில் இருக்கிறது, இங்கே வராது. கருவறையில் விளக்கு வெளிச்சம் விழும் முகத்தைத் தவிர எல்லாம் இருட்டாக இருக்கிறது, ராஜகோபுரத்தின் 217 அடியிலும் எந்தச் சுதைச் சிற்பமும் இன்னொன்றுக்காக மங்குவதில்லை. இரண்டும் ஒரே கோவில்தான். என் சாமியார் படம் அப்போதும் எனக்கு மட்டமான படம்தான், அதை எடுத்தபோது நான் எதையும் முடிவு செய்யவில்லை, லென்ஸ் முடிவு செய்தது. ஆனால் ஒருவர் இறந்த பிறகு அந்தப் படத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது. அந்த வேலையை என் நல்ல படத்தால் செய்ய முடியவில்லை.

டவுனுக்குப் போய் முதல் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் செய்து கொண்டுவந்தேன். இரண்டாவதையும் சின்னதாக ஒன்று போட்டுவந்தேன். ஃப்ரேம் கல்லாவுக்கு மேலே போனது, சம்பங்கி மாலையோடு. சின்னதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலண்டருக்குக் கீழே செல்லோ டேப்பில் ஒட்டினார். ஒட்டிவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இதுல டீ பத்து ரூபான்னு கிளியரா தெரியுது பாரு. இப்ப பதினஞ்சு. எவனாவது பாத்துட்டு சண்டைக்கு வருவான்."

டேப்பைப் பிரித்து, படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, விலைப் பலகை இருக்கும் மூலை காலண்டருக்குள் போகும்படி திருப்பி ஒட்டினார்.